பிரிட்டனின் மனநலச் சட்டத்தை எதிர்த்தவர்கள் தோற்றார்களா?

நீங்கள் கேட்டிருப்பது இது: பிரிட்டனில் மனநலச் சட்டத் திருத்தத்தை எதிர்த்து 1998 முதல் 2007 வரை நோயாளிகளும் மருத்துவர்களும் சேர்ந்து போராடினார்கள், கடைசியில் சட்டம் வந்தேவிட்டது, அப்படியானால் அந்தப் போராட்டத்தால் யாருக்கு என்ன பயன்? அதற்குக் கீழே, மருந்து சாப்பிட மறுக்கும் தம்பியோடு பல ஆண்டுகளாக அல்லாடுகிறோம், நோயாளியின் உரிமை என்று பேசுகிறவர்கள் ஓர் இரவு எங்கள் வீட்டில் தங்கிப் பார்க்கட்டும் என்றும் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது இந்த இரண்டாவதைத்தான் என்று எனக்குப் படுகிறது. நோயாளிக்கு உரிமை கொடுத்தால் குடும்பம் கைவிடப்பட்டுவிடுமா என்பதே உங்கள் கவலை. இரண்டையும் சேர்த்தே பதில் சொல்கிறேன், ஏனென்றால் பிரிட்டனில் ஒன்பது ஆண்டுகள் நடந்த வாதமே இதைப் பற்றித்தான்.

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் மனநலச் சட்டத்தின்கீழ் கட்டாயமாக மருத்துவமனையில் வைக்கப்பட்டவர்களின் சார்பாளராகப் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வார்டில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் வைத்திருக்கிறார்கள், எப்போது மேல்முறையீடு செய்யலாம் என்று விளக்குவதும், அவர்கள் சொல்ல நினைப்பதை மருத்துவர்கள் முன்னால் சொல்ல உதவுவதும் என் பணி. நான் மருத்துவர் அல்ல, வழக்கறிஞரும் அல்ல. உங்கள் தம்பிக்கு என்ன சிகிச்சை தேவை என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. இன்னொன்று: சார்பாளர் என்ற இந்தப் பணிக்குச் சட்டத்தில் இடம் கிடைத்ததே அந்தப் போராட்டத்தால்தான். 2006இல் அரசு கொண்டுவந்த மசோதாவில் அது இல்லை. எதிர்த்தவர்கள் விடாமல் நெருக்கியதால் சேர்க்கப்பட்டு, 2009 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே நான் நடுநிலையாளன் அல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

சண்டை எங்கே தொடங்கியது என்று பார்க்க வேண்டும். 1992 டிசம்பரில் லண்டன் ஃபின்ஸ்பரி பார்க் ரயில் நிலையத்தில் ஜோனதன் சிட்டோ என்ற இளைஞரை, ஸ்கிட்ஸோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய் உள்ள கிறிஸ்டோஃபர் க்லூனிஸ் என்பவர் கத்தியால் குத்திக் கொன்றார். முன்பின் அறியாதவர்கள். நாடே அதிர்ந்துபோனது. 1994இல் வெளியான விசாரணை அறிக்கையைப் படித்தவர்களுக்கு வேறொன்றும் தெரிந்தது: க்லூனிஸ் மருத்துவமனைக்கு மருத்துவமனை கைமாற்றப்பட்டவர், ஒவ்வோர் இடத்திலும் தொடர் கவனிப்பு அறுந்துபோயிருந்தது. சிகிச்சை வேண்டாம் என்று அவர் மறுத்ததைவிட, கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கத் தவறியதுதான் அந்த அறிக்கையில் பக்கம் பக்கமாக இருந்தது. ஆனால் பத்திரிகைகள் எடுத்துக்கொண்ட பாடம், இவர்களை வெளியில் விட்டதுதான் தவறு என்பது. அடுத்து, 1996இல் கென்ட் மாவட்டத்தில் ஒரு தாயும் மகளும் கொல்லப்பட்ட வழக்கில் மைக்கேல் ஸ்டோன் என்பவர் 1998 அக்டோபரில் தண்டிக்கப்பட்டார். ஆளுமைக் கோளாறு உள்ளவர், சிகிச்சையால் பயனில்லை என்பதால் அவரை அடைத்துவைக்கச் சட்டத்தில் வழியில்லாமல் போயிற்று என்று செய்தி பரவியது. அதே 1998இல் சுகாதார அமைச்சர் ஃபிராங்க் டாப்சன், சமூகத்தில் வைத்துப் பராமரிக்கும் முறை தோற்றுவிட்டது என்று அறிவித்தார்.

இந்தச் சூழலில் அரசு ஒரு நல்ல காரியமும் செய்தது. சட்டப் பேராசிரியை ஜெனிவ்ரா ரிச்சர்ட்சன் தலைமையில் நிபுணர் குழு அமைத்தது. 1999இல் அந்தக் குழு சொன்னதன் சாரம் இதுதான்: இதய நோயாளியும் சர்க்கரை நோயாளியும் சிகிச்சையை மறுக்கலாம் என்றால், முடிவெடுக்கும் திறன் இருக்கிற மனநோயாளி ஏன் மறுக்கக் கூடாது? எனவே கட்டாயச் சிகிச்சைக்கு அந்தத் திறனே முதல் அளவுகோலாக இருக்கட்டும். அரசு குழுவுக்கு நன்றி சொல்லிவிட்டு, அந்த அளவுகோலை ஒதுக்கி வைத்தது. புதுச் சட்டத்துக்கான அரசின் திட்டத்தைச் சொல்லி 2000 டிசம்பரில் வந்த வெள்ளை அறிக்கையின் இரண்டாம் பகுதி முழுவதும் அபாயகரமான நோயாளிகளைப் பற்றியது. 2002இல் வரைவு மசோதா வந்தது. மனக்கோளாறு என்பதற்கு அதில் கொடுத்த விளக்கம் மிகவும் விரிந்தது, விலக்குகள் இல்லை. குற்றமே செய்யாத ஒருவரை, சிகிச்சையால் அவருக்குப் பயன் உண்டா என்று பார்க்காமலேயே அடைத்துவைக்க இடம் தந்தது. மருத்துவமனையில் சேராதவர் மீதும் கட்டாயச் சிகிச்சை ஆணை போடலாம் என்றது.

எதிர்ப்பு திரண்ட விதம்தான் எனக்கு இன்றும் வியப்பு. மனநலக் கூட்டமைப்பு என்ற பெயரில் எண்பதுக்கு நெருக்கமான அமைப்புகள் ஒன்று சேர்ந்தன. நோயாளிகளுக்காகப் பேசும் மைண்ட் அதில் இருந்தது, ராயல் மனநல மருத்துவர் கல்லூரியும் இருந்தது. கட்டாயமாக ஊசி போடுகிறவர்களும் போட்டுக்கொண்டவர்களும் ஒரே பக்கம் நின்றார்கள். மருத்துவர்களின் வாதம் எளிமையானது: அபூர்வமாக நடக்கும் கொலையை முன்கூட்டிக் கணிக்க எங்களிடம் கருவி இல்லை, ஒருவரைத் தடுக்கப் பலரை அடைக்க வேண்டிவரும், எங்களைச் சிறைக் காவலர்களாக்காதீர்கள். இந்த வாதத்தை நோயாளிகள் மட்டும் சொல்லியிருந்தால் செய்தித்தாளின் உள்பக்கத்தில்கூட வந்திருக்காது. 2002 செப்டம்பரில் லண்டன் தெருக்களில் பேரணி நடந்தது. 2004இல் இரண்டாவது வரைவு வந்தபோது, கார்லைல் பிரபு தலைமையில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளின் கூட்டுக்குழு அதைப் பிரித்துப் பார்த்து, 2005இல் கடுமையான அறிக்கை கொடுத்தது. 2006 மார்ச்சில் அரசு அந்த மசோதாவைக் கைவிட்டது. புதுச் சட்டம் இல்லை, பழைய 1983 சட்டத்தில் திருத்தம் மட்டும் என்று இறங்கி வந்தது. அந்தத் திருத்தம்தான் 2007 ஜூலையில் சட்டமாயிற்று.

சட்டம் வந்துவிட்டது என்று நீங்கள் சொல்வது சரி. ஆனால் வந்தது, 2002இல் வர இருந்த சட்டம் அல்ல. மேலவையான பிரபுக்கள் சபையில் எதிர்த்தவர்கள் பல திருத்தங்களை நிறைவேற்றினார்கள், கீழவையான காமன்ஸ் சபையில் அரசு அவற்றில் முக்கியமானவற்றைத் திருப்பிப் போட்டது, இழுபறிக்குப் பிறகு சில நிலைத்தன. முடிவெடுக்கும் திறனைப் பொது அளவுகோலாக்கும் கோரிக்கை போயிற்று. அது பெரிய தோல்வி. ஆனால் ஓரிடத்தில் அது உள்ளே நுழைந்துவிட்டது, மின்னதிர்ச்சிச் சிகிச்சையில்.

இதைக் கொஞ்சம் அருகில் வந்து பாருங்கள். பழைய சட்டப்படி, கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட நோயாளி தெளிந்த புத்தியோடு 'எனக்கு மின்னதிர்ச்சி வேண்டாம்' என்று சொன்னாலும், வெளியிலிருந்து வரும் இரண்டாவது மருத்துவர் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டால் கொடுத்துவிடலாம். 2008 நவம்பர் முதல் அது முடியாது. வார்டு கூட்டம் ஒன்று. மேசைக்கு அந்தப் பக்கம் மூத்த மருத்துவர், இளைய மருத்துவர், இரண்டு நர்சுகள், மருந்தாளர், சமூகப் பணியாளர். இந்தப் பக்கம் கடும் மனச்சோர்வில் பல வாரங்களாகச் சரியாகச் சாப்பிடாத ஒரு தமிழ் அம்மா, பக்கத்தில் நான். மருத்துவர் பொறுமையாக விளக்கினார்: எத்தனை முறை கொடுப்போம், மயக்க மருந்து உண்டு, ஞாபக மறதி வரலாம். பிறகு அதை அவரையே திருப்பிச் சொல்லச் சொன்னார். அம்மா தமிழில் சொன்னார், மொழிபெயர்ப்பாளர் சொன்னார். 'பலன் கிடைக்கும் என்று நீங்கள் சொல்வது விளங்குகிறது. என் ஞாபகம் போவதை என்னால் தாங்க முடியாது. மாத்திரையை மாற்றிக் கொடுங்கள், சாப்பிடுகிறேன்.' விளங்கிக்கொண்டார், மனத்தில் இருத்தினார், எடைபோட்டார், முடிவைச் சொன்னார். சட்டம் கேட்கும் நான்கும் இருந்தன. மருத்துவருக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. ஆனாலும் பேச்சு அங்கேயே மாத்திரைக்கு மாறியது. உயிருக்கு உடனடி ஆபத்து போன்ற அவசர நிலைக்கு விலக்கு உண்டு, அது நியாயமானது. மற்றபடி அந்த அம்மாவின் 'வேண்டாம்' அன்று செல்லுபடியானதற்குக் காரணம், பேரணியில் நடந்தவர்களும் பிரபுக்கள் சபையில் இரவு வரை வாதாடியவர்களும்தான்.

பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை அவர்கள் வயதுக்கு ஏற்ற சூழலில் வைக்க வேண்டும் என்ற கடமையும் இப்படிக் கிடைத்ததே. அடைத்துவைப்பதானால் பொருத்தமான சிகிச்சை இருக்க வேண்டும், அதன் நோக்கம் நோயைத் தணிப்பதாகவோ மோசமாகாமல் தடுப்பதாகவோ இருக்க வேண்டும் என்ற வாசகமும் அப்படித்தான். எதிர்த்தவர்கள் கேட்டதைவிட இது மெலிந்த வாசகம். ஆனால் வெறும் காவலில் வைப்பதற்குச் சட்டத்தைப் பயன்படுத்த முடியாதபடி ஒரு தடுப்பு இருக்கிறது.

தோற்ற இடங்களில் முக்கியமானது சமூகச் சிகிச்சை ஆணை. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது, இந்த முகவரியில் இருக்க வேண்டும், இத்தனை வாரத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்கு வந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை போடுவார்கள். மீறி, நோய் திரும்பும் அபாயம் தெரிந்தால் திரும்ப அழைக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை நீட்டிக்கலாம். இங்கேயும் எதிர்த்தவர்கள் ஓர் எல்லையை வாங்கிக்கொண்டார்கள்: ஏற்கெனவே சிகிச்சைக்காகக் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள் மீதுதான் ஆணை போட முடியும், திறன் உள்ளவர் மறுத்தால் வீட்டில் வைத்து வலுக்கட்டாயமாக ஊசி போட முடியாது. நடைமுறையில் பலருக்கு இது தெரிவதில்லை. போலீஸ் வீட்டுக்கு வந்து பிடித்து ஊசி போடும் என்று பயந்தே ஆண்டுக்கணக்கில் கிளினிக்குக்குப் போனவர்களைச் சந்தித்திருக்கிறேன். அந்தப் பயத்தைத் தெளிவுபடுத்த யாரும் அவசரப்பட்டதில்லை. எனக்கு இதில் மிகுந்த கோபம் உண்டு. சட்டம் தராத அதிகாரத்தை நோயாளியின் அறியாமையிலிருந்து எடுத்துக்கொள்வது அது.

எதிர்த்தவர்களின் கணிப்புகள் பலித்தனவா என்று பார்ப்போம். சில நூறு பேருக்குத்தான் இந்த ஆணை தேவைப்படும் என்று அரசு கணித்தது, முதல் ஐந்து மாதங்களிலேயே எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. கறுப்பின மக்கள் மீது பாரம் விழும் என்று எச்சரித்தார்கள். வெறும் ஊகமாகச் சொல்லவில்லை: 1998இல் நாரிச் நகர மருத்துவமனை ஒன்றில் டேவிட் பென்னட் என்ற கறுப்பின நோயாளி, ஊழியர்கள் முகம் குப்புற அழுத்திப் பிடித்திருந்தபோது இறந்துபோன வழக்கின் விசாரணை அப்போது நடந்துகொண்டிருந்தது. 2018இல் பேராசிரியர் சைமன் வெஸ்லி தலைமையில் நடந்த மனநலச் சட்ட மறுஆய்வு, கறுப்பினத்தவர் வெள்ளையரைவிட நான்கு மடங்கு அதிகமாக அடைக்கப்படுகிறார்கள், சமூகச் சிகிச்சை ஆணை அவர்கள் மீது எட்டு மடங்கு அதிகமாகப் போடப்படுகிறது என்று பதிவுசெய்தது. எச்சரிக்கை இதைவிடத் துல்லியமாகப் பலித்திருக்க முடியாது.

அந்த ஆணையால் பயன் உண்டா என்பது மட்டும் நிச்சயமற்றது. அதை ஆதரித்துவந்த ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் டாம் பர்ன்ஸே ஆய்வு நடத்தினார். 336 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு இந்த ஆணை, மற்றதற்குப் பழைய முறையிலான தற்காலிக விடுப்பு. ஓராண்டுக்குள் மருத்துவமனைக்குத் திரும்பியவர்கள் இரு பிரிவிலும் 36 சதவீதம். 2013இல் லான்செட் மருத்துவ இதழில் இது வெளியானது, அவரும் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். ஆனால் இதை வைத்து, ஆணை யாருக்குமே உதவாது என்று அடித்துச் சொல்ல முடியாது. இவருக்குக் கட்டாயம் ஆணை வேண்டும் என்று மருத்துவர் உறுதியாக நினைத்த நோயாளிகள் குலுக்கலுக்கே விடப்பட்டிருக்க மாட்டார்கள் என்ற விமர்சனம் வலுவானது. விடுப்பும் ஒருவகைக் கட்டாயம்தானே என்றும் கேட்கலாம். என் அனுபவத்தில், ஆணை இருந்ததால் மருந்தைத் தொடர்ந்து நிலைபெற்றவர்கள் சிலர் உண்டு, அவர்களே அப்படிச் சொல்வார்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது, பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கும் என்று வாக்களிக்கப்பட்ட நன்மை நிரூபிக்கப்படவில்லை என்பது. ஒருவரின் சுதந்திரத்தைக் குறைக்க விரும்புகிறவர்தான் அதன் பயனை நிரூபிக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

முடிவெடுக்கும் திறனை அளவுகோலாக்கினால் நாடு தாங்காது என்ற அரசின் வாதத்துக்குப் பதில் எல்லைக்கு அப்பாலேயே இருந்தது. ஸ்காட்லாந்து 2003இல் இயற்றிய சட்டத்தில், மனநோயால் முடிவெடுக்கும் ஆற்றல் கணிசமாகக் குன்றியிருந்தால்தான் கட்டாயச் சிகிச்சை என்று எழுதியே வைத்தது. 2005 முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கே எந்தப் பேரழிவும் நடக்கவில்லை.

எதிர்த்தவர்களுக்குள்ளும் பிளவு இருந்தது. கட்டாயம் என்பதே கூடாது, எந்தச் சூழலிலும் கூடாது என்ற நோயாளிகளின் குழுக்கள், கூட்டமைப்பு சமரசம் செய்துகொண்டதாக வருந்தின. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006இல் வந்தபிறகு அந்தக் குரலுக்குச் சர்வதேச பலமும் கிடைத்தது. எனக்கு அவர்கள் மீது மரியாதை உண்டு. ஆனால் பசியும் தாகமும் தெரியாத நிலையில், குரல்கள் கட்டளையிடுவதால் மாடி விளிம்பில் நிற்கிறவரைச் சில நாட்கள் தடுத்து வைத்ததால் உயிர் பிழைத்ததைப் பார்த்திருக்கிறேன். எனவே நான் கூட்டமைப்பின் பக்கம்: கட்டாயம் குறுகியதாக, காரணம் காட்டப்பட்டதாக, எதிர்த்துக் கேட்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். ரீதிங்க் என்ற அமைப்பு, ஸ்கிட்ஸோஃப்ரினியா நோயாளிகளின் குடும்பத்தினர் 1970களில் தொடங்கியது. உங்களைப் போன்ற அண்ணன்களும் அம்மாக்களும் அமைத்தது. அதுவும் அந்தக் கூட்டமைப்பில் இருந்து மசோதாவை எதிர்த்தது. ஜோனதன் சிட்டோவின் மனைவி தொடங்கிய அறக்கட்டளையோ கட்டாயச் சமூகச் சிகிச்சையை ஆதரித்தது. அவருடைய இழப்புக்கு முன்னால் யாரும் குரலை உயர்த்த முடியாது. ஆனால் ரீதிங்க் குடும்பங்கள் சொன்னது என்ன? நாங்கள் உதவி கேட்டுக் கதவைத் தட்டியபோது படுக்கை இல்லை என்றார்கள், இன்னும் அவ்வளவு மோசமாகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கட்டாயத்தை விரிவாக்கும் சட்டம் அந்தக் கதவைத் திறக்காது. பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் வந்தால், எங்கள் பிள்ளை நோயின் முதல் அறிகுறியையே எங்களிடமிருந்து மறைப்பான். நோயாளியின் உரிமையும் குடும்பத்தின் துயரமும் தராசின் இரண்டு தட்டுகள் என்று காட்டியதுதான் அரசின் சாமர்த்தியம். இரண்டு பேருக்கும் கிடைக்காமல் போனது சிகிச்சைதான்.

உங்கள் ஊரில் சட்டம் வேறு. இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், முடிவெடுக்கும் திறன் என்ற, இங்கிலாந்து மறுத்த அளவுகோலைப் பல இடங்களில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதன்பின்னால் ஏர்வாடி இருக்கிறது: 2001 ஆகஸ்டில் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களில் 28 பேர் இறந்தார்கள். இன்று சங்கிலியால் கட்டுவதும், மயக்க மருந்து இல்லாமல் மின்னதிர்ச்சி கொடுப்பதும் சட்டப்படி தடை. அதே சமயம் குடும்பத்தை அது கைவிடவில்லை. தம்பியின் நிலை மோசமாகி, தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் கட்டத்துக்கு வந்தாலோ தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் போனாலோ, தமக்காகப் பேச அவர் நியமித்த நியமனப் பிரதிநிதி விண்ணப்பிக்கலாம். மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்து, வேறு வழியில்லை என்று கண்டால் 30 நாட்கள் வரை சேர்க்கலாம். யாரையும் நியமிக்காமல் விட்டிருந்தால் அந்த இடம் உறவினருக்கும் பராமரிப்பவருக்கும் வரும்.

என் யோசனை, அந்தக் கட்டம் வருமுன் செய்ய வேண்டிய ஒன்று. தம்பி தெளிவாக இருக்கும் ஒரு நாளில் அவரோடு உட்கார்ந்து, நோய் திரும்பினால் யார் பேச வேண்டும், எந்த மருந்து ஒத்துக்கொண்டது, எது கை நடுக்கத்தையும் தூக்கத்தையும் கொடுத்தது, எந்த மருத்துவமனைக்கு மறுபடி போகவே மாட்டேன் என்பார் என்று கேளுங்கள். நியமனப் பிரதிநிதி யார் என்பதை வெள்ளைத் தாளில் எழுதி அவர் கையெழுத்திட்டால் போதும். சிகிச்சை பற்றிய விருப்பத்தை முன்கூட்டிய அறிவுறுத்தலாகவும் எழுதலாம், அதற்கு விதிகளில் படிவமும் சாட்சிக் கையெழுத்தும் உண்டு. அவசரச் சிகிச்சையை அது தடுக்காது என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மருந்தை ஏன் மறுக்கிறார் என்ற கேள்விக்கு அந்தப் பேச்சிலேயே பாதிப் பதில் கிடைக்கலாம். நான் பார்த்தவரை பலர் மறுப்பது மருந்தையே அல்ல, குறிப்பிட்ட ஒரு மருந்தின் பக்க விளைவை. அப்படியிருந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது முதலில் சொல்ல வேண்டியது அதுதான், அதைத் தம்பியே சொல்லட்டும்.